அப்பத்தா அடுப்புப் புகை எங்கே போகிறது?

நாட்டரசன்கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? சிவகங்கைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். கம்பருடைய சமாதி இங்கேதான் இருக்கிறது என்பார்கள். பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள் வரிசையாக நிற்கும். ஊர் நடுவே கண்ணுடையநாயகி அம்மன் கோயில். ஊர்க்காரர்களுக்கு அவள் 'கண்ணாத்தாள்'.

தைப்பொங்கல் முடிந்து வருகிற முதல் செவ்வாய்க்கிழமை இந்தக் கோயில் முன்னால் ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். அதற்குச் 'செவ்வாய்ப் பொங்கல்' என்று பெயர். நகரத்தார் குடும்பங்கள் எங்கெங்கோ இருந்து வந்து கூடிவிடுவார்கள். யார் பானை முதலில், யார் பானை அடுத்து என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த வரிசைப்படி நூற்றுக்கணக்கான அடுப்புகள் வரிசை வரிசையாக எரியும். ஒரே நேரத்தில் அத்தனை பானைகளும் பொங்கி வழிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஒரு வருடம் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பானைகளைவிட அதிகமாகப் பொங்கியது புகைதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், அடுப்பை ஊதிக்கொண்டிருந்த தன் அப்பத்தாவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பத்தா, இந்தப் புகையெல்லாம் எங்க போகுது?"

"மேலே போகுதுடா ராசா."

"மேலேன்னா எங்க?"

"வானத்துக்கு."

"வானத்துல எங்க?"

அப்பத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கேள்வி கேட்டது போதும், அந்த அகப்பையை எடு!" என்றார். பையன் அகப்பையை எடுத்துக் கொடுத்தான். ஆனாலும் அவன் கண் வானத்திலேயே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவன் என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. ஊருக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் ஆச்சரியப்பட்டேன். இதே கேள்விக்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பல்களோடும் விமானங்களோடும் நடுக்கடலுக்கே போயிருக்கிறார்கள்! அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர்.

மறையும், ஆனால் போகாது

புகை கொஞ்ச உயரம் போனதும் கரைந்து மறைந்துவிடுகிறது இல்லையா? நம் கண்ணுக்குத்தான் அது மறைகிறது. புகை என்பது வாயுக்களும் மிக நுண்ணிய துகள்களும் கலந்த கலவை. அந்தத் துகள்கள் எவ்வளவு சிறியவை தெரியுமா? பெரும்பாலானவை உங்கள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நெருக்கமாக இருக்கும்போது புகையாகத் தெரிகின்றன. விலகிப் போனதும் தெரிவதில்லை.

ஓட்டு வீட்டில் கூரையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால், அது வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்குமே, அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளியில் தூசி மினுமினுவென்று மிதக்கும். வெயில் கம்பிக்கு வெளியேயும் அதே தூசி இருக்கிறது. வெளிச்சம் அதன்மேல் நேராக விழாததால் நமக்குத் தெரிவதில்லை. வானத்தில் மிதக்கும் துகள்களும் இப்படித்தான்.

கல்லைப்போல் இவை உடனே கீழே விழுவதில்லை. அவ்வளவு லேசு. மழை வந்து கழுவினால்தான் வேகமாகத் தரைக்கு வரும். மழை இல்லாவிட்டால் ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேலே, காற்றோடு மிதக்கும்.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். தை மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்? வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து. வாடைக்காற்று! வாடை எதைத் தள்ளிக்கொண்டு போனாலும் தென்மேற்குப் பக்கமாகத்தான் தள்ளும். நாட்டரசன்கோட்டையில் ஒரு புள்ளி வைத்துத் தென்மேற்காக வரைபடத்தில் ஒரு கோடு இழுங்கள். மலையைத் தாண்டினால் கடல். கடலில் இன்னும் போனால் பாசிமணியைச் சிதறவிட்ட மாதிரி குட்டிக் குட்டித் தீவுகள். அதுதான் மாலத்தீவு. நாட்டரசன்கோட்டையிலிருந்து அங்குள்ள காஷிதூ என்ற தீவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 800 கிலோமீட்டர் தூரம்.

செவ்வாய்ப் பொங்கல் புகை மட்டும் அவ்வளவு தூரம் போய் என்ன செய்துவிடும் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் பொங்கலுக்கு எரியும் விறகு ஒரு பொருட்டே இல்லை. அப்பத்தாவைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை! ஆனால், வருடம் முழுக்க எரிகிறவற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மானாமதுரைப் பக்கத்துச் சூளைகள், சீமைக்கருவேல மரத்தை வெட்டிப் போடும் கரிமூட்டங்கள், தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் இருக்கும் அனல்மின் நிலையங்கள், லாரிகள், பேருந்துகள், பெரிய பெரிய ஆலைகள். இது தமிழ்நாட்டுக் கணக்கு மட்டும். வடக்கே கங்கைச் சமவெளி முழுவதும், பாகிஸ்தான், வங்காளதேசம் என்று அத்தனை ஊர்ப் புகையையும் சேர்த்து வாடைக்காற்று கடலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறது. தை, மாசி மாதங்களில் மழையும் அவ்வளவாக இல்லை. கழுவிவிட ஆள் இல்லை!

ஐஸ்பெட்டி பார்த்த பொறியாளர்

இதை ஆராயப் புறப்பட்டவர் பெயர் வீரபத்ரன் ராமநாதன். 1944-ல் சென்னையில் பிறந்தவர். அவருக்குப் 11 வயதானபோது குடும்பம் பெங்களூருக்குக் குடிபோனது. அதுவரை தமிழில் படித்த பையன் திடீரென்று ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பள்ளியில் உட்கார வேண்டியதாயிற்று. ஆசிரியர் சொல்வது ஒன்றும் புரியவில்லை. பாடத்தைக் கவனிக்கும் பழக்கமே போய்விட்டது, எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். புரியாத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். (அதற்காக நாளையிலிருந்து ஆசிரியரைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். எனக்குத்தான் திட்டு விழும்!)

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலை. பெட்டிக்குள் இருக்கும் குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அலுப்பான வேலை என்று தோன்றுகிறதா? பிறகு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தபோது, 1975-ல், அதே வாயுவைப் பற்றித்தான் உலகமே திரும்பிப் பார்த்த ஓர் உண்மையைச் சொன்னார். குளோரோஃபுளூரோகார்பன் என்ற அந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது. அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

வாயுக்கள் பூமியைப் போர்வை மாதிரி மூடிச் சூடாக்குகின்றன. சரி, அந்த வாயுக்களோடு சேர்ந்து புகைபோக்கியிலிருந்து வரும் துகள்கள் என்ன செய்கின்றன? இதுதான் ராமநாதனின் அடுத்த கேள்வி. யாரிடமும் சரியான விடை இல்லை. போய் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நடுக்கடலில் ஓர் ஆய்வுக்கூடம்

அதற்காகப் பிறந்ததுதான் 'இண்டோயெக்ஸ்' என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு. ராமநாதனும், வேதியியலில் 1995-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் இதன் தலைமை விஞ்ஞானிகள். இந்தியா, அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன், மாலத்தீவு என்று பல நாட்டவர் சேர்ந்தார்கள். இந்தியப் பிரிவுக்கு ஏ.பி. மித்ரா தலைமை தாங்கினார். நம் நாட்டின் ஆராய்ச்சிக் கப்பல் 'சாகர் கன்யா'வும் கடலுக்குப் போனது.

ஏன் இந்தியப் பெருங்கடல்? இங்கே இயற்கையே ஒரு சோதனையை அமைத்து வைத்திருக்கிறது. தை, மாசியில் வடக்கேயிருந்து மனிதர்கள் வாழும் நாடுகளின் காற்று தெற்கு நோக்கி வருகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே பரந்த கடல். அங்கிருந்து சுத்தமான காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மழைமேகங்கள் கூட்டமாக நிற்கும். ஒரு கப்பல் வடக்கிலிருந்து தெற்கே போனால் போதும். அழுக்குக் காற்றையும் சுத்தமான காற்றையும் ஒரே பயணத்தில் அளந்துவிடலாம்!

1998 பிப்ரவரியில் காஷிதூ தீவில் ஆய்வுக்கூடம் ஒன்று வேலையைத் தொடங்கியது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை பெரிய ஆய்வு நடந்தது. கப்பல்கள் கடலில், விமானங்கள் வானத்தில், கருவிகள் தீவுகளில், செயற்கைக்கோள்கள் மிக உயரத்தில். எல்லோரும் ஒரே காற்றைப் பார்த்தார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது, கரையோரமாகக் கொஞ்சம் மாசு. கண்டதோ வேறு! கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் ஒரு புகைபோக்கிகூட இல்லாத நடுக்கடலில், பழுப்பு நிறப் புகைமூட்டம் விரிந்து கிடந்தது. அதன் பரப்பு சுமார் 1 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப்போல் மூன்று மடங்கு! உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை. நடுக்கடல் என்றால் வெகுதூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? சில இடங்களில் 10 கிலோமீட்டர் தூரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

துகள்களைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தார்கள். கந்தகத் துகள், கரித்துகள், சாம்பல், மண்தூசி, கடல் உப்பு என்று கலந்திருந்தது. அதில் சுமார் 80 விழுக்காடு மனிதர்கள் எரித்ததிலிருந்து வந்தது. காற்றில் இருக்கும் உப்பும் மண்ணும் என்றைக்கும் இருப்பவை. மற்றவை நாம் அனுப்பியவை.

கோயில் கல்லும் வெள்ளைக் கோடும்

இருக்கட்டுமே, மேலே கொஞ்சம் புகை மிதந்தால் என்ன கெட்டுவிடும்? இதைப் புரிந்துகொள்ள உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக்குப் போக வேண்டும். செருப்பு இல்லாமல் கருங்கல்லில் கால் வைத்தால் என்ன ஆகும்? 'ஆ... ஊ...' என்று குதித்துக்கொண்டு ஓடுவோம். பல கோயில்களில் நடப்பதற்காக வெள்ளை வர்ணம் பூசிய பாதை போட்டிருப்பார்கள். அதில் கால் வைத்தால் அவ்வளவு சுடாது. வெயில் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். கறுப்பு வெயிலைக் குடித்துக்கொள்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது.

வானத்திலும் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தகப் புகை, காற்றில் மாறி வெள்ளைத் துகள்களாகிறது. இவை வெயிலை வானத்துக்கே திருப்பிவிடும். பூமி கொஞ்சம் குளிரும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, அது கக்கிய கந்தகம் வானத்தின் மேலடுக்கில் படர்ந்து, அடுத்த வருடம் உலகத்தின் சராசரி வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி குறைத்துவிட்டது.

கரித்துகளோ கருங்கல் ஜாதி. விறகு, வரட்டி, டீசல், நிலக்கரி ஆகியவை சரியாக எரியாதபோது வருவது. லாந்தர் விளக்குக் கண்ணாடியில் படிகிற கரி இதுதான். வெயிலைக் குடித்துத் தானும் சூடாகிச் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்குகிறது.

நடுக்கடலில் இந்த இரண்டும் கலந்திருந்தன. அதனால் வினோதமான ஒரு காரியம் நடந்தது. கடலைத் தொட வேண்டிய வெயிலில் சுமார் 10 விழுக்காடு வந்து சேரவில்லை. கொஞ்சம் திரும்பிப் போனது. கொஞ்சத்தைக் கரித்துகள் நடுவழியில் குடித்துவிட்டது. கீழே கடல் நிழலில். மேலே காற்று சூட்டில்!

இதனால் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? கடல்நீர் வெயிலில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் மழையாக வருகிறது. கடலுக்கு வெயில் குறைந்தால் ஆவியும் குறையும். சிவகங்கைச் சீமையில் ஊருணியையும் கண்மாயையும் நம்பி இருப்பவர்களுக்கு மழையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேகத்துக்கு வேண்டிய விதை

துகள்கள் மேகத்திலும் கைவைக்கின்றன. நீராவி தானாகத் துளியாவது கஷ்டம். உட்கார ஓர் இடம் வேண்டும். காலையில் பனி புல்நுனியில் உட்காருகிறதே, அதைப்போல. வானத்தில் அந்த இடம் ஒரு நுண்துகள்தான். துகளே இல்லாவிட்டால் மேகமே இல்லை. அப்படியானால் துகள் நிறைய இருந்தால் நிறைய மழை பெய்ய வேண்டுமே?

இல்லை! ஒரு அண்டா பாயசத்தை ஐம்பது பேருக்குப் பரிமாறினால் ஆளுக்கு ஒரு டம்ளர் கிடைக்கும். அதே அண்டாவை ஆயிரம் பேருக்கு என்றால்? ஆளுக்கு ஒரு கரண்டிதான். மேகத்தில் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான் பங்கு போடப்படுகிறது. துகள்கள் கூடக்கூடத் துளிகள் எண்ணிக்கையில் பெருகும், அளவில் சிறுத்துவிடும். ஒரு மழைத்துளி உண்டாகச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். பொடிப்பொடித் துளிகள் அவ்வளவு சீக்கிரம் சேர்வதில்லை. மேகம் பார்க்கப் பளபளவென்று வெள்ளையாக இருக்கும். மழை மட்டும் பெய்யாது. நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடும்.

பெயரில் வந்த சண்டை

2002-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு இந்தப் புகைமூட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் வைத்த பெயர் 'ஆசியப் பழுப்பு மேகம்'. உடனே எதிர்ப்பு கிளம்பியது. புகை ஆசியாவில் மட்டும்தானா இருக்கிறது? ஐரோப்பாவும் அமெரிக்காவும் நூறு வருடத்துக்கும் மேலாக ஊதித் தள்ளவில்லையா? நியாயமான கேள்விதானே!

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜெ. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே வருடம் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இன்னொரு கேள்வியும் எழுப்பினார்கள். சில மாதங்கள் மட்டும் இருக்கிற புகைமூட்டம் பருவமழையைக் குறைக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதுமா என்று கேட்டார்கள். விஞ்ஞானத்தில் இப்படி எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டால்தான் மேலும் அளந்து பார்ப்பார்கள். பெயர் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று மாறியது. அளவுகள் இன்னும் கூர்மையாகின.

அந்த அளவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2006 மார்ச்சில் நடந்தது. மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து ஆளில்லாத குட்டி விமானங்களைப் பறக்கவிட்டார் ராமநாதன். ஒரே சமயத்தில் மூன்று! ஒன்று மேகத்துக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்க வேண்டும். மேலே உள்ளது வந்து விழும் வெயிலை அளக்கும். கீழே உள்ளது தப்பித்து வந்த வெயிலை அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் காணாமல் போன வெயில். கடைக்காரர் காலையில் இருந்த சரக்கில் மாலையில் மிஞ்சியதைக் கழித்து விற்பனையைக் கணக்குப் பார்க்கிறாரே, அதேதான். இப்படி 18 முறை பறந்து அளந்ததில் கிடைத்த விடை 2007-ல் வெளியானது. பழுப்புமூட்டம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு வெயிலால் கிடைக்கும் சூட்டைச் சுமார் 50 விழுக்காடு கூட்டுகிறது என்பதே அந்த விடை.

எந்த அடுப்புக் கரி இது?

அடுத்து ஒரு துப்பறியும் கதை. தீவில் ஒரு சிட்டிகை கரித்துகள் பிடிபட்டது. அது விறகிலிருந்து வந்ததா, டீசலிலிருந்து வந்ததா? கரி கரியாகத்தானே இருக்கும், பார்த்தால் தெரியுமா?

தெரியும்! உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது. அதில் கொஞ்சூண்டு 'கார்பன்-14' என்ற வகை இருக்கும். மரம் செத்தபின் இது மெல்ல மெல்லக் குறையும். 5,730 வருடத்தில் பாதியாகிவிடும். போன வருடம் வெட்டிய விறகில் இது அப்படியே இருக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்திய உயிர்களிலிருந்து வந்தவை. அவற்றில் கார்பன்-14 துளிகூட மிஞ்சியிருக்காது. ஆக, கரித்துகளில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் விறகின் பங்கு தெரிந்துவிடும்!

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஓர்யன் குஸ்தாப்சன் குழுவினர் ஹனிமாதூவிலும் மகாராஷ்டிரத்தின் சிங்ககட்டிலும் பிடித்த துகள்களை இப்படிச் சோதித்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. குளிர்காலக் கரித்துகளில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வரட்டி, பயிர்த்தாள் போன்றவற்றை எரித்ததால் வந்தது. மீதி நிலக்கரி, டீசல் வகை. ஆலை, வாகனம் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

ராமநாதனுக்கு இதில் சொந்த நினைவும் உண்டு. சின்ன வயதில் தன் பாட்டி விறகடுப்பில் சமைக்கும்போது புகையில் இருமிக்கொண்டே இருந்ததை அவர் சொல்லியிருக்கிறார். 2009-ல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 'சூர்யா' என்ற திட்டத்தைத் தொடங்கி, புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். வானத்துக்குக் கெடுதல் செய்யும் அதே புகை, முதலில் போவது அடுப்பூதும் பாட்டிகளின் நெஞ்சுக்குள்தானே!

ஓர் இக்கட்டு

புகையை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் விஞ்ஞானிகள் தலையைச் சொறிகிறார்கள்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆலைகளும் வண்டிகளும் நின்றன. சில நாட்களில் பஞ்சாபின் ஜலந்தர் ஊர்க்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி, பல வருடங்களாகக் கண்ணில் படாத தௌலாதார் பனிமலைகளைப் பார்த்து வியந்தார்கள். துகள்கள் அவ்வளவு சீக்கிரம் வானத்தை விட்டுப் போய்விடும் என்பது நல்ல செய்தி.

ஆனால், ஹனிமாதூவில் அளந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் துகள்கள்தான் அதிகமாகக் குறைந்திருந்தன. வெயில் தடையில்லாமல் இறங்கியது. கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் கழிந்தாலும் போகாது. அது அப்படியே இருந்தது. அதாவது, நிழல் தந்த குடையை மடக்கிவிட்டோம், போர்த்தியிருந்த கம்பளியை எடுக்கவில்லை! உலகம் முழுவதற்குமான கணக்கை 2021-ல் ஐ.நா.வின் காலநிலைக் குழு வெளியிட்டது. மனிதர்கள் அனுப்பிய துகள்கள் பூமியின் சூட்டில் 0.8 டிகிரி வரை மறைத்து வைத்திருக்கலாம் என்றது அந்தக் கணக்கு.

அதற்காக அழுக்குக் காற்றே நல்லது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசிக்கிறோம். கரித்துகளை முதலில் குறைத்தால் நெஞ்சுக்கும் நல்லது, காற்றின் சூடும் குறையும். கந்தகத்தைக் குறைக்கும்போது கரியமில வாயுவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய தலைவலி. உங்களில் யாராவது பெரியவர்களாகி இதற்கு வழி கண்டுபிடித்தால் எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். காஷிதூ ஆய்வுக்கூடத்தின் வேலையில் ஒன்றை நீங்களும் செய்யலாம். மொட்டை மாடியிலிருந்து தெரிகிற தொலைவான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோயில் கோபுரமோ, செல்போன் கோபுரமோ, மலையோ எதுவானாலும் சரி. தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். 'தெளிவு', 'மங்கல்', 'தெரியவில்லை' என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, முந்தின நாள் மழை பெய்ததா என்றும் பக்கத்தில் குறியுங்கள். மார்கழியில் ஆரம்பித்து ஆடி வரை எழுதினால் அருமையான கணக்குக் கிடைக்கும். (சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்!)

இதையெல்லாம் படித்த பிறகு அடுத்த தையில் மறுபடி நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். அதே பையனைக் கண்டுபிடித்தேன். ஒரு வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தான். வரைபடத்தை விரித்து, வாடைக்காற்றையும் மாலத்தீவையும் காட்டி, "உன் அப்பத்தா அடுப்புப் புகை இங்கேதான் போகுது" என்றேன்.

கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தான். "அப்ப ஆடி மாசம் காத்து அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருமே. அப்ப அவங்க புகை நமக்கு வருமா?" என்றான்.

"அவங்க தீவுக்கு அந்தப் பக்கம் வெறும் கடல்தான். சுத்தமான காத்துதான் வரும்" என்றேன்.

"அப்ப நாம அவங்களுக்குப் புகை குடுக்கறோம், அவங்க நமக்கு நல்ல காத்து குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அப்பத்தாவிடம் சொல்ல ஓடிவிட்டான்.